மண்டப நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கல்யாண மண்டப வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, இதுக்கு ஏதாவது சர்டிபிகேட் இருக்கா?"

இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய சங்கமே இருக்கிறது. தேர்வு உண்டு, பட்டம் உண்டு, உறுப்பினர் அட்டை உண்டு. ஆனால் அங்கே போகிற வழி நம் மண்டபத்து ஸ்டோர் ரூமில், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தொடங்குகிறது. அந்த நோட்டை எழுதாமல் நேராகச் சான்றிதழுக்கு ஓடியவர்கள் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் பக்கம் மண்டப மேனேஜர் என்றால் சாவிக்கொத்து வைத்திருப்பவர் என்றுதான் நினைக்கிறார்கள். முகூர்த்த நேரத்தில் ஆயிரம் பேர் ஒரே கூரைக்கு அடியில் நிற்கிறார்கள். அத்தனை பேரின் உயிருக்கும் அந்த நேரத்தில் பொறுப்பு அந்த மேனேஜர்தான். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓலைப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தத் தேதியை மனதில் வைத்திருக்க வேண்டும்.

முதல் படி: நான்கு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உரிமம், சான்றிதழ், அங்கீகாரம், உறுப்பினர். நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

உரிமம் அரசு தருவது. அது இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. சான்றிதழ் ஒரு ஆளுக்கு, தேர்வு எழுதிக் கிடைப்பது. நீங்கள் வேறு மண்டபத்துக்குப் போனாலும் உங்களோடு வரும். அங்கீகாரம் ஒரு இடத்துக்கோ நிறுவனத்துக்கோ, வெளியார் வந்து தணிக்கை செய்து தருவது. நீங்கள் வேலையை விட்டாலும் அது மண்டபத்திலேயே இருக்கும். உறுப்பினர் என்பது சந்தா கட்டிச் சேர்வது. உறுப்பினர் அட்டை உங்கள் திறமைக்குச் சாட்சி ஆகாது. பழக்கம், பாடம், கூட்டம் இவற்றுக்கான நுழைவுச்சீட்டு அது.

இரண்டாம் படி: காகிதங்கள்

1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் கல்யாண மண்டபத்துக்குக் கட்டட உரிமம் வேண்டும். அதற்குப் பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரத் துறைச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் கூடச் சேரும். தாலுகா அலுவலகத்தில் விசாரித்தால் பட்டியல் கிடைக்கும். வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சமையலும் நீங்களே எடுத்து நடத்தினால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தனி. இவற்றின் கடைசித் தேதிகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். புதுப்பிக்க மறந்த உரிமம் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

கடலோரத்துக்கென்று சில விஷயங்கள் கூடுதலாக இருக்கின்றன. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் "இது சும்மா ஷெட் தானே" என்று எதையும் எழுப்பாதீர்கள், முதலில் கேளுங்கள். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. "தீவில் ஒரு பார்ட்டி வைக்க முடியுமா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முடியாது என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். கடலைப் பார்த்து அடிக்கும் பளீர் விளக்கு தாய் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். அந்த மாதங்களில் லான் விளக்குகளைத் தரை நோக்கித் திருப்பி வைப்பதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை.

மைக் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுபோல இருக்கும், ஆனாலும் சண்டை வருவது இதில்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். இதை புக்கிங் ரசீதிலேயே தமிழில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ராத்திரி பத்தே காலுக்கு மாப்பிள்ளையின் நண்பர்களிடம் போய் விதியை விளக்குவது யாருக்கும் நல்லதில்லை.

மூன்றாம் படி: நாட்காட்டி

இந்தக் கரையின் நாட்காட்டி மதுரை நாட்காட்டியும் இல்லை, சென்னை நாட்காட்டியும் இல்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்து வீட்டுக் கல்யாணங்கள் இருக்காது. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் நோன்பு மாதத்தைப் பார்ப்பார்கள். அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத்தைத் தவிர்ப்பார்கள். மூன்றையும் ஒரே தாளில் ஐந்து வருடத்துக்கு எழுதிப் பாருங்கள். எந்த மாதம் மண்டபம் உண்மையிலேயே காலியாகக் கிடக்கும், எந்த மாதம் வண்ணம் பூசலாம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அந்த வீடுகளுக்கு அட்வான்ஸை இரண்டு மூன்று தவணையாக வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு தவணைகூட இதுவரை விடுபட்டதில்லை.

தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் சாலை நிரம்பி வழியும். இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30 ஒட்டிய நாட்களில் மாவட்டத்தில் வாகனக் கட்டுப்பாடு இருக்கும். அந்தத் தேதிகளில் புக்கிங் வந்தால், சமையல் சாமான் முந்தின நாளே உள்ளே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று காலையில் பார்ப்பது இங்கே மேனேஜரின் வேலையிலும் சேர்த்தி.

நான்காம் படி: நோட்டு

நான் சேர்ந்த முதல் வருடம். முதலாளி வீட்டில் ஒரு டைரி, மண்டபத்தில் ஒரு டைரி. வைகாசியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடமும் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. பத்திரிகை அடித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டார் பெருந்தன்மையாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா என் முன்னால் நின்ற நிற்பு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. ஒரு மண்டபத்துக்கு ஒரே புக்கிங் பதிவுதான் இருக்க வேண்டும். அதைச் செல்போன் நாட்காட்டியில் வைத்து முதலாளி, மேனேஜர், வாட்ச்மேன் மூவரும் பார்க்கும்படி பகிர்ந்துவிட்டால் இந்தப் பிரச்சினை அன்றோடு முடிகிறது. காசு செலவில்லாத வசதி இது.

நான் சொல்கிற நோட்டு இன்னொன்று. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம். எத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னார்கள், எத்தனை இலை விழுந்தது. இலைக்கணக்கு பொய் சொல்லாது. கரண்ட் மீட்டர் தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எத்தனை லிட்டர். தண்ணீர் லாரி எத்தனை நடை. வாசலில் நெரிசல் அதிகமாக இருந்தது எந்த நேரம். மைக் நிறுத்தியது எப்போது. குப்பை எத்தனை மூட்டை. யாராவது வழுக்கி விழுந்தார்களா, வயர் சூடானதா, சிலிண்டர் கசிந்ததா. கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம்: ஒன்றும் ஆகாமல் தப்பித்த சம்பவங்களையும் எழுதுங்கள். தப்பித்தது எப்படி என்று எழுதினால்தான் அடுத்த முறை அது வராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

முப்பது நிகழ்ச்சி எழுதினால் மண்டபம் உங்களிடம் பேச ஆரம்பிக்கும். ஆயிரம் பேர் என்று சொல்லும் ரிசப்ஷனுக்கு எத்தனை பேர் நிஜமாக வருவார்கள், இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் பந்திக்கு எத்தனை பேர் காத்து நிற்பார்கள், அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பின்னால் வரும் தேர்வுகளும் நேர்காணல்களும் கேட்பது இதைத்தான்.

ஐந்தாம் படி: கருவிகள்

புதுத் தொழில்நுட்பம் என்றதும் எல்.இ.டி. சுவரையும் புகை மெஷினையும் நினைக்காதீர்கள். இந்தக் கரையில் முதலில் வாங்க வேண்டியது தண்ணீரின் உப்பளவைக் காட்டும் பேனா மீட்டர். சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்லும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. லாரி வந்ததும் ஒரு டம்ளரில் அளந்து நோட்டில் எழுதுங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சமையல் மாஸ்டர் சத்தம் போடுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. வேகம் கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கென்று காற்றளவிக் கருவி வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் அதே முறைதான். அவ்வளவு பெரிய இரும்புப் பாலத்துக்கே அளவு தேவைப்படுகிறது என்றால், லானில் கழி நட்டுத் துணி கட்டிய மேடைக்குத் தேவையில்லையா? கையடக்கக் காற்றளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வேகம் வரை தாங்கும் என்று பந்தல்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்த அளவை நெருங்கினால் விருந்தினரை உள்ளே அழைத்துவிடுங்கள், அலங்காரம் போனால் போகட்டும். ஆனி, ஆடிக் காற்றில் இது அடிக்கடி தேவைப்படும்.

உப்புக்காற்று மண்டபத்தைத் தினமும் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஏ.சி.யின் வெளி யூனிட்டை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். விளக்கு தொங்கும் கம்பி, கொக்கி, போல்ட் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏணி போட்டுப் பார்த்து, பார்த்த தேதியை எழுதுங்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் ஒலி, ஒளி சாமான்களின் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் உங்கள் மண்டப மின்சாரத்தில் இணைக்க விடாதீர்கள். மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் இருக்கட்டும். அதிலுள்ள சோதனை பட்டனை நிகழ்ச்சிக்கு முன்னால் அமுக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நேரலைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. துபாயிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சொந்தம் இல்லாத வீடு கீழக்கரைப் பக்கம் குறைவு. நிக்காஹ் நடக்கும்போது அங்கே இருக்கும் அண்ணன் பார்க்க வேண்டும். மண்டபத்துக்கு ஃபைபர் இணைப்பு வாங்கும்போது பதிவேற்ற வேகத்தைக் கேளுங்கள். தெளிவான நேரலைக்குத் வினாடிக்கு 6 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) தடையில்லாமல் கிடைத்தால் போதும். அந்த இணைப்பை விருந்தினர் வைஃபையோடு சேர்க்காதீர்கள். இன்னொன்று: நேரலையில் சினிமாப் பாட்டு ஓடினால் பதிப்புரிமைக் காரணத்தால் யூடியூப் ஒலியை நிறுத்தலாம், சில நேரம் நேரலையையே வெட்டிவிடலாம். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரத்தை நேரடியாக வாசிக்க வையுங்கள், ஸ்பீக்கர் பாட்டை அணைத்துவிடுங்கள்.

மொய் எழுதும் மென்பொருள் வந்துவிட்டது. லேப்டாப், சின்ன பிரிண்டர், கியூ.ஆர். அட்டை, பெயர், ஊர், தொகை அடித்ததும் ரசீது கையில். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டியல் அந்த வீட்டின் சொத்து. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், யார் எவ்வளவு செய்தார்கள் என்பது வெளியே போனால் உறவு கெடும். மொய் எழுதியவர் போகும் முன் பட்டியல் முழுவதையும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, கருவியிலிருந்து அழித்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

டிரோன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமான தளம் இருக்கிறது, பக்கத்திலேயே கடல் எல்லை. வீடியோகிராபர் "சின்ன டிரோன் தான்" என்பார். டிரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

ஆறாம் படி: உறுப்பினர், சான்றிதழ்

இரண்டு வருடம் நோட்டு எழுதிய பிறகு இதற்கு வாருங்கள். முதலில் செலவில்லாதது: உதயம் பதிவு. மண்டபம் சிறுதொழிலாகப் பதிவாகும். வங்கிக் கடனுக்கு உதவும். அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே முடிக்கலாம். அடுத்து உங்களிடம் வேலை பார்க்கிறவர்கள். பல வருடம் கையால் கற்ற வேலைக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகார முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் உண்டு. பரிமாறுகிறவருக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் அதை வாங்கிக் கொடுங்கள். அந்த அட்டையை அவர்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

உலக அளவில் இந்தத் தொழிலின் தாய்ச் சங்கம் ஐ.ஏ.வி.எம்., அதாவது பன்னாட்டு அரங்க மேலாளர்கள் சங்கம். 1924-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அரங்க மேலாளர்கள் சிலர் கூடித் தொடங்கியது. இப்போது டெக்சாஸில் இருக்கிறது. இடைநிலை நிர்வாகிகளுக்கு சி.வி.பி., மூத்தவர்களுக்கு சி.வி.இ. என்று இரண்டு பட்டங்கள் தருகிறது. நிதி, பாதுகாப்பு, விற்பனை, ஆட்களை நடத்துவது என்று நீங்கள் நோட்டில் எழுதியவைதான் அங்கே பாடமாக இருக்கும். நமக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்ட வி.எம்.ஏ. என்ற அரங்க மேலாண்மைச் சங்கம் ஆசிய பசிபிக் பகுதி அரங்கங்களுக்கானது.

நீங்கள் இடத்தை நடத்துவதைவிட நிகழ்ச்சியைத் திட்டமிடுவதில் ஆர்வம் உள்ளவர் என்றால் சி.எம்.பி. என்ற கூட்டத் திட்டமிடலுக்கான சான்றிதழ் பொருந்தும். சாதாரண வழியில் 36 மாத வேலை அனுபவமும் 25 மணி நேரப் பயிற்சியும் காட்டி, பிறகு தேர்வு எழுத வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஐ.சி.சி.ஏ. 1963-இல் தொடங்கிய பன்னாட்டு மாநாட்டுச் சங்கம், தலைமையகம் ஆம்ஸ்டர்டாம். அதில் சேர்வது நிறுவனங்கள்தான், தனி ஆட்கள் இல்லை. ஐந்நூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபத்துக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கருத்தரங்கு, மருத்துவர் மாநாடு என்று ராமேஸ்வரத்தில் பெரிய இடம் நடத்துகிறவர்கள், 1988 முதல் இயங்கும் இந்திய மாநாட்டு ஊக்குவிப்பு அமைப்பை முதலில் பார்க்கலாம்.

ஐ.எஸ்.ஓ. 20121 என்பது நிலைத்த முறையில் நிகழ்ச்சி நடத்துவதற்கான தரம். 2012-இல் வந்தது, 2024-இல் திருத்தினார்கள். தண்ணீர், குப்பை, மின்சாரம், பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. வாழையிலை, பாக்குமட்டை, மஞ்சப்பை என்று நாம் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டோம். சான்று வாங்காவிட்டாலும் அந்தத் தரத்தின் கேள்விகளை உங்கள் மண்டபத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எனக்கு ஒருவர் போன் செய்து, "மூணே நாள்ல ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட், நேர்ல வரவே வேண்டாம் சார்" என்றார். ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்று தருவதில்லை. தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள் வந்து தணிக்கை செய்து தருகின்றன. அந்த நிறுவனத்துக்கு நம் நாட்டின் என்.ஏ.பி.சி.பி. போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "சிறந்த மண்டபம் விருது, மேடைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் அழைப்புகளுக்கும் இதேதான். யாரும் வந்து பார்க்காமல், எதையும் கேட்காமல் தரும் காகிதம் உங்கள் மண்டபத்துக்கு வரும் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றாது.

சந்தா கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பாடங்களை நேரம் கிடைக்கும்போது இணையத்தில் பார்க்க முடியுமா? முகூர்த்த நாளில் வகுப்பு வைத்தால் நம்மால் போக முடியாது. மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் குறைந்த கட்டணம் உண்டா? மற்ற உறுப்பினர்களோடு பேச வழி இருக்கிறதா? மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. வேறு நாட்டு அரங்க மேலாளர் ஒருவர் புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குச் சந்தா கொடுக்கலாம்.

ஆங்கிலத் தேர்வு என்று பயப்பட வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் நோட்டிலிருந்து பத்து நிகழ்ச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தமிழிலேயே எழுதிப் பாருங்கள்: என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, என்ன மாற்றினோம். அதை ஆங்கிலத்தில் மாற்ற யாராவது உதவுவார்கள். நடந்ததை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

இந்த வாரம் உங்கள் மண்டபத்தில் ஏதாவது விசேஷம் இருக்கும். விளக்கை அணைத்துப் பூட்டும் முன் மீட்டர் ரீடிங்கையும் இலைக்கணக்கையும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.